யூதப் பள்ளியில் ஆங்கில வகுப்பு: முதலில் நாட்காட்டியைக் கேளுங்கள்

கேள்வி: கோவையில் ஒன்பது வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். இப்போது நியூஜெர்சியில் ஒரு யூதப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ‘லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ எடுக்கச் சேர்ந்திருக்கிறேன். நான் யூதர் இல்லை. பாடத்தை எப்படித் திட்டமிடுவது? எந்த மாதிரிச் செயல்பாடுகள் எடுபடும்? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பாடப்புத்தகம் கேட்பதற்கு முன் பள்ளி நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். யூத ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுபோல 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். அதனால் பண்டிகைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். புத்தாண்டான ரோஷ் ஹஷானா 2026-ல் செப்டம்பர் 12, 2027-ல் அக்டோபர் 2. அதைத் தொட்டு யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று மூன்று வாரத்துக்கு மேல் விடுமுறையும் வகுப்புமாகத் துண்டு துண்டாகப் போகும். அந்த நாட்களில் நாவல் தொடங்கினால் ஒவ்வொரு முறையும் கதைச்சுருக்கம் சொல்லியே பாதி நேரம் கரைந்துவிடும். சிறுகதை, கவிதை, ஒரே வகுப்பில் முடிகிற எழுத்துப் பயிற்சி போதும். நீண்ட பாடம் எல்லாம் சுக்கோத்துக்குப் பிறகு.

வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். டிசம்பரில் அங்கே நாலரை மணி வாக்கில் சூரியன் அடைந்துவிடும். அதற்குள் பிள்ளைகள் வீடு சேர வேண்டும் என்பதால் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வுநாளான ஷபாத் முடியும்வரை, அதாவது சனி இரவுவரை, கட்டுப்பாடாக இருக்கும் வீடுகளில் பேனாவையே தொடமாட்டார்கள். ‘வார இறுதி இரண்டு நாள் இருக்கிறதே’ என்று கட்டுரை கொடுத்துவிடாதீர்கள். அவர்களுக்கு இருப்பது ஞாயிறு ஒன்றுதான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் பல ஆர்த்தடாக்ஸ் பள்ளிகளில் காலையில் ஹீப்ருவும் வேத பாடங்களும், மதியம் ஆங்கிலம், கணக்கு, அறிவியல். உங்களிடம் வரும்போது பிள்ளைகள் களைத்திருப்பார்கள். ஆனால் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ‘இந்தச் சொல் ஏன் இங்கே?’ என்று குடைவதில் காலையிலேயே பழகிவிட்டு வந்திருப்பார்கள். அனுமதி கேட்டு ஒரு நாள் அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தின் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: நடுவில் மூலம், ஒரு பக்கம் 11-ம் நூற்றாண்டின் ராஷி உரை, மறுபக்கம் அவருக்குப் பின் வந்தவர்களின் தோசஃபோத் என்ற உரைக்குறிப்புகள். குறளையும் பரிமேலழகரையும் சேர்த்தே படித்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து வாய்விட்டுப் படித்து, சத்தமாக வாதாடுவார்கள். ஹவ்ருதா என்று பெயர். கோவையில் அமைதியான வகுப்புக்குத்தான் பாராட்டு. இங்கே வகுப்பு அமைதியாக இருந்தால், பிள்ளைகளுக்குப் பாடம் பிடிக்கவில்லையோ என்று நான் சந்தேகப்படுவேன்.

இந்தப் பழக்கத்தை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்புங்கள். பெரிய தாளின் நடுவில் ஒரு சிறு கவிதையை அச்சடித்து, நாலு பக்கமும் அகலமாக இடம் விடுங்கள். முதல் ஜோடி ஒரு ஓரத்தில் சொற்பொருள் எழுதட்டும். இரண்டாம் ஜோடி எதிர் ஓரத்தில், ‘மூன்றாம் வரியில் அப்படிச் சொல்லிவிட்டு எட்டாம் வரியில் இப்படிச் சொல்வானேன்?’ என்று முரண்களைக் கேட்கட்டும். மறுநாள் மூன்றாம் ஜோடி பதில் எழுதும். கவிதை எளிதாக இருந்தால் இது படுத்துவிடும். இரண்டு விதமாகப் பொருள் கொள்ள உண்மையிலேயே இடமுள்ள கவிதையைத் தேடுங்கள்.

வாதக் கட்டுரைக்கு ஹில்லேல், ஷம்மாய் என்ற பழங்கால யூத அறிஞர்கள் இருவரின் மரபுகளுக்குள் நடந்த சண்டை உதவும். ஹில்லேல் தரப்பின் தீர்ப்பு ஏன் ஏற்கப்பட்டது என்பதற்குத் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று, அவர்கள் எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்கள் என்பது. ‘எதிர்வாதத்துக்கு ஒரு பத்தி கட்டாயம்’ என்று நீங்கள் பத்து முறை சொல்வதைவிட இது சட்டென்று ஏறும். ஆனால் மத விளக்கத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது காலை ஆசிரியர்களின் வேலை. அவர்கள் கற்றுத்தரும் வாசிப்பு முறை மட்டும் உங்களுக்குப் போதும்.

ஏழாம் வகுப்பு என்பது பார் மிட்ஸ்வா (ஆண்), பாத் மிட்ஸ்வா (பெண்) வயது, அதாவது மதக் கடமைகளை ஏற்கும் வயது. ஆண் பிள்ளைக்கு 13. பெண்ணுக்கு 12 அல்லது 13. பல பிள்ளைகள் அன்று சபை நடுவே ஒரு சிற்றுரை நிகழ்த்த வேண்டியிருக்கும். தொடக்கம், தொடர்ச்சி, முடிப்பு, குரலெடுத்துப் பேசுவது இவற்றில் உதவுங்கள். உரையின் கருத்தில் கை வைக்க வேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்த பாடம் கெய்ரோ கெனிஸா. இறைவன் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதால் பழைய தாள்களைச் சேர்த்துவைக்கும் இடம் கெனிஸா. கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் கிடைத்தவற்றில் குழந்தைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கூட உண்டு. 12-ம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த வணிகர் ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் உண்டு. ஏடன் துறைமுகத்திலிருந்து அவருக்குக் காகிதமே அன்பளிப்பாக வந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரே ஒரு தாள் கொடுங்கள். கடிதம் போய்ச் சேரப் பல மாதம் ஆகும், இன்னொரு தாள் கிடையாது. எதை எழுதுவது, எதை விடுவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். சுருக்கி எழுதுவதை இதைவிட நன்றாகச் சொல்லித்தர எனக்கு வழி தெரியவில்லை. சொல்வரலாறு எடுக்கும் நாளில் உங்கள் பங்குக்கு ஒன்று சொல்லலாம்: ஹீப்ரு வேதத்தில் சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த ‘துக்கி’ (மயில்), நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கருதும் மொழியறிஞர்கள் பலர்.

யூத இனப்படுகொலை பற்றிய பாடத்தைத் தனியாகத் தொடங்காதீர்கள். தலைமையாசிரியரிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் பேசிவிட்டுச் செய்யுங்கள். உயிர்தப்பியவர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். ‘நீ முகாமில் இருப்பதாகக் கற்பனை செய்’ என்பது போன்ற நடிப்புப் பயிற்சி கூடவே கூடாது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க்கை எழுத்தாளராகக் காட்டுங்கள். 1944-ல் வானொலியில், போர்க்கால நாட்குறிப்புகளைச் சேர்த்துவைக்கும்படி வந்த வேண்டுகோளைக் கேட்டபிறகு, அவள் தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினாள். திருத்தி எழுதச் சலிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பூரிம் பண்டிகை வந்தால் வேடமும் கேலியும்தான். நையாண்டி எழுதவைக்க ஏற்ற வாரம். நாவல் எதுவானாலும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். பள்ளிக்குப் பள்ளி எல்லை மாறும். வீட்டு முறுக்கை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். கடையில் வாங்குவதானாலும் கோஷர் முத்திரை (யூத உணவு விதிக்கு உட்பட்டது என்ற அடையாளம்) பார்த்து, பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பழைய வினாத்தாள்களைக் குப்பையில் போடும் முன், அவற்றில் ஹீப்ருவில் இறைவன் பெயர் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையிடம் காட்டுங்கள். இருந்தால் அதற்கென்று ஒரு பெட்டி உண்டு. பள்ளியில் உங்கள் வகுப்பு உள்ள மாடியில் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவையுங்கள்.