காந்தத்தை விடுங்கள், முழங்கையைப் பாருங்கள்

வெந்நீர் கொட்டி நான்கு மாதமாகியும் உங்கள் ஆறு வயது மகனின் கைத்தழும்பு தடித்துச் சிவந்து அரிப்பதால், காலத்துக்கும் இப்படியே நின்றுவிடுமோ என்று பயந்து, வீடியோவில் பார்த்த காந்தச் சிகிச்சை உதவுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். தழும்பு பெரும்பாலும் இப்படியே நிற்காது. ஆழமான தீக்காயத் தழும்பு முதல் ஆறு மாதம் தடிக்கும்; பிறகு ஒன்றரை வருடம் வரை மெல்ல வெளிறி அமுங்கும். தடம் இருக்கும்.

கடிதத்தின் கடைசியில், "சட்டை போடும்போது கையை முழுசாக நீட்ட அடம் பிடிக்கிறான்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதுதான். அது அடம் இல்லை. முழங்கை மடிப்பில் தழும்பு சுருங்கி இழுக்கிறது என்றே நினைக்கிறேன். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் நீட்டச் சொல்லுங்கள். அந்தக் கை மட்டும் படியாமல் மடங்கி நின்றாலோ, மடிப்பில் கயிறு போல ஒரு பட்டை விறைத்துத் தெரிந்தாலோ, இந்த வாரமே பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டுங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. விட்டுவிட்டால் மூட்டே இறுகிவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான்.

இரவில் கையை நீட்டி வைக்க ஸ்பிளிண்ட் (மூட்டை மடங்காமல் பிடிக்கும் கட்டு) தருவார்கள். அளவெடுத்துத் தைத்த அழுத்த உறையை நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், குளிக்கவும் எண்ணெய் தடவவும் மட்டும் கழற்றலாம். இரண்டு மூன்று மாதத்தில் துணி தொய்ந்துவிடும், பையனும் வளர்வான், புதிதாக அளவெடுங்கள். தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கான் ஷீட்டை முழுதும் ஆறிய தோலில் மட்டும் போட்டு, நாளுக்கு நான்கு மணி நேரத்தில் தொடங்கி 12 மணி நேரத்துக்கு மேல் கூட்டுங்கள். தினமும் ஷீட்டையும் தோலையும் கழுவாவிட்டால் வியர்வையில் கொப்புளம் வரும். தேங்காய் எண்ணெய் தடவி, தழும்பு வெளுக்கும் வரை கையை மெதுவாக நீட்டி 30 விநாடி பிடியுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு நாலைந்து வேளை. அரிப்பும் இதில் குறையும்.

வீடியோவில் பார்த்த காந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. இரும்பு ஆக்சைடு நுண்துகளில் மருந்தை ஏற்றி, வெளியே வைத்த காந்தத்தால் வேண்டிய இடத்தில் நிறுத்துவது அந்த முறை. 1996-ல் ஜெர்மனியில் புற்றுநோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். காந்தத்தின் பிடி தூரம் கூடக்கூடச் சட்டென்று குறையும் என்பதால், மேலாக இருக்கும் தழும்புக்கு ஏற்ற யோசனைதான். ஆனால் தழும்பில் இது இன்னும் ஆய்வுக்கூட வேலை. மருந்துத் துகள் இல்லாமல் வெறும் காந்தத்தைக் கட்டினால் ஒன்றும் நடக்காது. ரத்தத்திலுள்ள இரும்பை அது இழுப்பதில்லை.

வாங்கிய சின்னக் காந்தங்களை இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். குழந்தை இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வயிற்று வலிக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு கிரீம் தழும்பைத் தாண்டி நல்ல தோலையும் மெலிய வைக்கும். அதை நிறுத்திவிட்டு, டியூபை சர்ஜனிடம் காட்டுங்கள்.