நடைபாதை, நிழல், மரத்தடி: கேட்டவர்களுக்குப் பதில்

(புதுச்சேரியில் பூங்கா, சாலையோர மர வேலைகளில் இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.)

கே: அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கடற்கரைச் சாலையை விட்டால் நடக்க இடமே இல்லையே? – முத்தியால்பேட்டை

ப: பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குத் தினமும் ஆட்டோ பிடித்துப் போவதா? வீட்டு வாசலிலிருந்தே நடக்க முடிய வேண்டும். நடைபாதை விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது, தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்கள் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி. எங்கள் தெருவில் டேப் வைத்து அளந்தேன்: விளிம்பு உயரம் 32 செ.மீ. அப்புறம் ஒரு சாய்தளம், இறக்கம், டிரான்ஸ்ஃபார்மர், டீக்கடை சிலிண்டர், மறுபடி ஏற்றம். வயதானவர்கள் ரோட்டில் இறங்கி நடப்பது அறியாமையால் அல்ல.

கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகளை நிறுத்துகிறார்களே, அதற்கு என்ன செலவு? நாலு தடுப்புகள். ஊரிலேயே மலிவான பூங்கா அதுதான்.

கே: எங்கள் நகரில் ஓப்பன் ஜிம் கேட்கலாமா?

ப: முதலில் மேற்குப் பக்கம் மரம் கேளுங்கள். சாயங்கால வெயிலில் காய்ந்த இரும்பை யார் தொடுவார்கள்?

கே: ஜன்னலில் மரம் தெரிந்தால் நோய் குணமாகும் என்று வாட்ஸப்பில் வந்ததே?

ப: குணமாகாது. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை முடிந்து மரம் தெரியும் அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர்தான், சின்ன ஆய்வு.

கே: ஓப்பன் ஜிம்முக்கு யாரிடம் மனு கொடுப்பது?

ப: மேலே பாருங்கள்.

கே: 2011 தானே புயலில் மரம் விழுந்து எங்கள் ஓடு போச்சு. ரோட்டோரம் மரம் வேண்டாம் சார். – மஞ்சக்குப்பம்

ப: விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தீர்களா? ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் சாக்கடைச் சுவர், நடுவில் இரண்டடிக் குழி. வாய்க்கால் தோண்டும்போது வேரில் பாதி போயிருக்கும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் கூடாது என்று டெல்லி வழக்கில் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே சொன்னது. மரத்தடியில் சிமென்ட் போடாதீர்கள்!

கே: பண்ருட்டித் தோட்டங்களில் ஏது சிமென்ட்? பலாவும் முந்திரியும் வரிசையாகச் சாய்ந்ததே!

ப: சரி, இது நியாயம். அந்தக் காற்றுக்கு முழு வேரும் தாங்காது. சிமென்ட்டை மட்டும் குற்றம் சொன்னது என் அவசரம். ஆனால் தோட்டத்தில் விழுந்தால் மரம் போகும், தெருவில் விழுந்தால் ஓடு போகும். அதனால்தான் தெருவில் வேருக்கு இடம் கேட்கிறேன். கடலோரம் என்றால் புன்னை, பூவரசு, உப்புக்காற்று தாங்கும்.

கே: அப்படியும் விழுந்தால்?

ப: வருஷத்துக்கு ஒரு முறை ஐப்பசிக்கு முன் கிளை கழிக்க வேண்டும். மொட்டையடிக்க அல்ல, கழிக்க.

கே: மாடி ரோஜா பூக்கவில்லை.

ப: தோட்டக்கலைத் துறையில் கேளுங்கள்.

கே: ஓப்பன் ஜிம் அடியில் பேவர் பிளாக் போடலாமா?

ப: பக்கத்தில் மரம் இருக்கிறதா? எத்தனை அடியில்?