தேயிலை ஏன் பூப்பதில்லை? மலையகச் செடி கொடிகள் பற்றிக் கேள்வி பதில்

31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். அதற்கு வெகு முன்பே, லயத்துக்குக் கீழே இருந்த நாற்றுத் தவறணையில் அம்மாவோடு குந்தியிருந்து செடி பார்க்கப் பழகிவிட்டேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதி வித்தைப் பற்றியவை. வித்தில் முளைத்தது புதுப் பிள்ளை, தண்டில் முளைத்தது அதே தாய். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் பல பதில்கள் தானாக விளங்கும்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: 18 வருடமாகக் கொழுந்து பறிக்கிறேன். மலையில் தேயிலை பூத்துப் பார்த்தது குறைவு, காய் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் புதுச் செடி எங்கிருந்து வருகிறது? "வீ.பி." என்கிறார்களே, அது என்ன ஜாதி?

உங்கள் விரல்தான் காரணம், தங்கச்சி. தேயிலை இயல்பில் ஒரு மரம். கைபடாமல் விட்டால் 20, 30 அடிகூடப் போகும். நீங்கள் ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை நுனியைக் கிள்ளுகிறீர்கள், சில வருடத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். நுனி போனதும் அதற்குக் கீழே, இலைக் கக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. செடியின் சத்தெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் போய்விடுவதால் பூவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ரோட்டோரத்தில், பறிக்காமல் விட்டுப்போன பழைய செடி இருந்தால் போய்ப் பாருங்கள். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் குஞ்சம் குஞ்சமாக இருக்கும். பூத்துக் காய் முற்ற ஒரு வருடம் அளவில் எடுக்கும். காய் பெரும்பாலும் மூன்று பிளவாக, பிளவுக்கு ஒன்றாக உருண்டை வித்தோடு இருக்கும். தேயிலை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பது அபூர்வம். பக்கத்துச் செடியின் மகரந்தம் பூச்சி மூலம் வரவேண்டும். அதனால் ஒவ்வொரு வித்தும் இரண்டு செடிகளின் கலப்பு. பழைய வித்துத் தேயிலை மலையில் ஒரு செடியின் இலை அகலம், அடுத்ததன் இலை ஒடுக்கம், ஒன்றின் கொழுந்து வெளிறிய பச்சை, இன்னொன்றில் செம்மை ஓடியிருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒரே மாதிரி இல்லாதபோது செடி மட்டும் எப்படி இருக்கும்?

தேயிலை வித்தைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, ஈரம் போனால் உயிரும் போய்விடும். அம்மா வித்து வந்த அன்றைக்கே வாளித் தண்ணீரில் கொட்டுவார். மிதப்பதை அகப்பையால் வழித்து எறிந்துவிட்டு, மூழ்கியதை ஈர மணலில் பரப்பி மேலே சாக்கைப் போடுவார். சில நாள் கழித்துச் சாக்கைத் தூக்கினால் ஓடு மெல்ல வெடித்து, உள்ளே பால்நிற வித்திலை தெரியும். வெடித்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நடுவார். அம்மாவின் பெருவிரல் நகத்தில் எப்போதும் மணல் இருக்கும்.

வீ.பி. என்பது ஜாதி இல்லை, பெருக்கும் முறை. நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் அதோடு ஒட்டிய சிறு தண்டும் வெட்டிப் பையில் நட்டு வேர்விட வைப்பது. அங்கே ஆணும் பெண்ணும் சேரவில்லை, ஆகவே ஆயிரம் செடி நட்டாலும் ஆயிரமும் அந்தத் தாயேதான். உங்கள் ஊரில் சென்கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த டீ.ஆர்.ஐ. 2025 (இது வருடமல்ல, வகையின் எண்) இப்படிப் பரவிய வகைதான். விளைச்சல் கூட, மலை முழுவதும் ஒரே சீர். ஆனால் வெட்டி நட்ட செடிக்கு வித்துச் செடியைப் போல ஆழமான ஆணிவேர் கிடையாது. அதனால்தான் கடும் கோடையில் வீ.பி. மலை வாடும்போது பழைய வித்துத் தேயிலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. பூச்சியும் நோயும் ஒரே சீரான மலையைத் தாக்கினால் ஒரே சீராகத்தான் தாக்கும். வித்துத் தேயிலையை முழுதாகப் பிடுங்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை.

நுவரெலியாவிலிருந்து ஒரு தாய்: உருளைக்கிழங்குச் செடியில் குட்டித் தக்காளி மாதிரிப் பச்சைக் காய் வந்திருக்கிறது. பிள்ளைகள் சாப்பிடலாமா?

வேண்டாம். அதில் சொலனீன் என்ற நஞ்சு உண்டு. இன்றைக்கே பறித்துப் புதைத்துவிடுங்கள். தக்காளியும் உருளைக்கிழங்கும் கத்தரியும் ஒரே குடும்பம், அதனால்தான் அந்தச் சாயல். நாம் சமைக்கும் கிழங்கு வேரில்லை, மண்ணுக்குள் பருத்த தண்டு. அதன் "கண்" ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கிலும் அதே நஞ்சு கூடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

பண்டாரவளை: பட்டர் புரூட் மரம் பூத்துத் தரையெல்லாம் கொட்டுகிறது. காய் மட்டும் இல்லை. 9 வருட மரம். ஆண் மரம் என்று வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்டவேண்டாம் அண்ணே! பட்டர் புரூட்டில் ஆண் மரம் பெண் மரம் என்று இல்லை. ஒவ்வொரு பூவிலும் இரண்டும் உண்டு, ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாது. ஒரே பூ இரண்டு தடவை விரியும். முதல் தடவை பெண்ணாக விரிந்து மகரந்தத்தை வாங்கக் காத்திருக்கும், பிறகு மூடிக்கொள்ளும். அடுத்த தடவை ஆணாக விரிந்து மகரந்தம் கொட்டும், அப்போது அதன் பெண் பாகத்தின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

இதிலும் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டத்து மரங்கள் காலையில் பெண்ணாகவும் மறுநாள் பின்னேரம் ஆணாகவும் விரியும். மற்றக் கூட்டம் பின்னேரம் பெண், மறுநாள் காலையில் ஆண். ஆக, காலையில் ஒன்று வாங்கும் நேரத்தில் மற்றது கொடுக்கும். தனி மரத்துக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. குளிர் நாட்களில் விரியும் நேரம் முன்பின்னாகி ஒரே மரத்திலேயே இரண்டும் கொஞ்சம் ஒன்றுசேர்வதுண்டு. ஆனால் மூட்டமும் தூறலுமான நாளில் தேனீ வெளியே வராது, பிறகு யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது?

காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் கிட்டப் போய்ப் பூவைப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய காம்பு மட்டும் நிமிர்ந்து, சுற்றியுள்ள கேசரங்கள் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் பெண் நேரம். கேசரங்கள் நிமிர்ந்து மஞ்சள் தூள் தெரிந்தால் ஆண் நேரம். உங்கள் மரத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு எதிர் நேரத்து மரத்தின் ஒட்டுக்கன்று ஒன்றைப் பக்கத்தில் நடுங்கள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. நன்றாகக் காய்க்கும் மரத்திலும் நூறு பூவில் ஒன்றுகூடக் காயாவதில்லை, ஆகவே கொட்டுவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

வெலிமடை விவசாயி ஒருவர்: கரட் வித்தும் கோவா வித்தும் விலை தாங்க முடியவில்லை. நாமே எடுத்துக்கொள்ளலாம்தானே?

உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இந்த இரண்டிலும் வேறு வேறு சிக்கல் இருக்கிறது.

கரட் இரண்டு வருடச் செடி. முதல் வருடம் வேரில் சத்தைச் சேர்க்கும், கிழமைக்கணக்காகக் கடும் குளிரை அனுபவித்த பிறகுதான் அந்தச் சத்தைச் செலவழித்துப் பூக்கும். நமக்கு நுவரெலியாவில் தை மாசியில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது, நல்ல வகைகளுக்கு அந்தக் குளிர் போதாது. பாத்தியில் ஒன்றிரண்டு மட்டும் முந்திப் பூக்கும். அதில் வித்து எடுத்தால் அதன் பிள்ளைகளும் கிழங்கு வைக்காமல் முந்திப் பூக்கும் குணத்தோடு வரும்.

கோவா வித்துப் பைக்கெட்டில் எஃப் 1 என்று இருந்தால் அது இரண்டு வழியைக் கலந்த முதல் தலைமுறை. அதில் எடுக்கும் வித்து நாலு விதமாகப் பிரியும், ஒன்று உருளும், ஒன்று விரிந்தே நிற்கும். இன்னொன்றும் இருக்கிறது: கோவா, பூக்கோவா, புரொக்கோலி, நோக்கோல் எல்லாம் தாவரவியலில் ஒரே இனம். இலை, பூ, தண்டு என்று மனிதர் வேறு வேறு பாகத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்து வளர்த்ததில் உருவம் மாறியதே தவிர, பக்கத்தில் பக்கத்தில் பூத்தால் தங்களுக்குள் கலந்துவிடும்.

போஞ்சி வித்தை எடுங்கள். போஞ்சிப் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தால் கருக்கட்டிவிடுகிறது, கலப்பு குறைவு. நல்ல செடியில் காயை முற்றவிட்டு, நெற்று சலசலக்கும்போது பறியுங்கள். கலப்பினமல்லாத தக்காளியும் அப்படியே.

ஹட்டன், ஓ.எல். மாணவன்: பைனஸ் காய் பழமா? சவுக்கு மரமும் பைனஸ் இனமா?

பழமில்லை மகன். பூவின் சூலகம் வளர்ந்ததுதான் பழம். பைனசுக்குச் சூலகமே இல்லை. காய்ந்து விழுந்த கூம்பு ஒன்றை எடுத்து ஒரு செதிலைப் பிய்த்துப் பார். அதன் மேற்பக்கத்தில், அடிப்பாகத்தில் இரண்டு வித்து இருந்த தடமும், அதிர்ஷ்டமிருந்தால் சிறகு வைத்த வித்தும் இருக்கும். எதற்குள்ளும் மூடப்படாமல் செதிலின் மேலேயே இருப்பதால் வித்துமூடியிலி. இலங்கைக்குச் சொந்தமான பைனஸ் எதுவும் கிடையாது, நம் மலைகளில் நட்டது மத்திய அமெரிக்கா, கரிபியன் பக்கத்து மரம். நம் நாட்டில் இயற்கையாக வளரும் வித்துமூடியிலி வேண்டுமென்றால் சிங்களத்தில் மடு என்னும் சைகஸ் மரத்தைப் பார். 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவுக்குப் போனால் சைப்ரசும் பார்க்கலாம்.

சவுக்கு விஷயத்தில் பெயர்தான் உன்னைக் குழப்பியிருக்கிறது. நம் தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு, அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவீலியா. செம்மஞ்சள் நிறத்தில் பிரஷ் மாதிரிப் பூக்கும், பூக்கும் தாவரம். கடற்கரை ஊர்களில் சவுக்கு என்றால் கசுவரினா. அதன் ஊசிகளையும் குட்டிக் கூம்புகளையும் பார்த்தால் பைனஸ் என்றே நினைப்பாய், ஆனால் அதுவும் பூக்கும் தாவரம்தான். ஒரு சொல், இரண்டு மரம், இரண்டும் பைனசுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

இதற்காகத்தான் விஞ்ஞானப் பெயர் வேண்டியிருக்கிறது. அந்தப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் இலங்கைக்கு ஒரு தடவையும் வராமலே, ஹெர்மன் என்பவர் 1670களில் இங்கே சேகரித்த உலர் செடிகளை வைத்து 1747இல் நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1753இல் தேயிலைக்குத் தனிச் சாதியாகத் தேயா என்று பெயர் வைத்ததும் அவர்தான். பூவும் காயும் கமேலியாவின் அமைப்பிலேயே இருப்பதைக் கண்டு பின்னால் வந்தவர்கள் அதைக் கமேலியாவில் சேர்த்தார்கள்.

அதே மாணவனின் தங்கை: பன்னத்துக்கு வித்து எங்கே?

இல்லை. இலையின் அடியில் வரிசையாக இருக்கும் கபிலப் பொட்டுகளில் தூள் மாதிரி வித்தி இருக்கும், அது வித்தில்லை. பன்னம் வித்துத் தாவரங்களை விடப் பழைய வம்சம்.

மஸ்கெலியா: சௌசௌ வித்தை எடுத்து நட்டேன், வரவே இல்லை.

வித்தைப் பிரிக்கவே கூடாது. சௌசௌவில் ஒரே ஒரு வித்து, அதுவும் காயின் சதையோடு ஒட்டியபடி, கொடியில் தொங்கும்போதே முளைக்கத் தொடங்கிவிடும். முற்றிய காயை முழுதாக, முளை வரும் அகன்ற பக்கம் சற்றுக் கீழாகச் சாய்த்துப் பாதி புதையுங்கள். சதைதான் அதற்குத் தாய்ப்பால்.

பதுளை, உயர்தர மாணவி: இரட்டைக் கருக்கட்டலை எப்படிப் படித்தாலும் மறந்துபோகிறது டீச்சர்.

குசினிக்குப் போய்த் தேங்காய் ஒன்றை உடை, மகள். மகரந்தக் குழாய் இரண்டு ஆண் புணரிகளைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து முளையமாகிறது. மற்றது முனைவுக் கருக்கள் இரண்டோடு சேர்ந்து, மும்மடியமான (மூன்று தொகுதி நிறமூர்த்தம் உள்ள) வித்தகவிழையமாகிறது, இதுதான் முளையத்துக்கு உணவு. அந்த வித்தகவிழையம்தான் நீ துருவும் தேங்காய், நீ குடிக்கும் இளநீரும் அதன் திரவ நிலைதான். முளையம் எங்கே என்று கேட்பாய். மூன்று கண்ணில் மெதுவான கண்ணுக்கு உள்ளே, பருப்புக்குள் ஒரு சிறு குச்சி மாதிரிப் பதிந்திருக்கும், கத்தி முனையால் கிண்டி எடுத்துப் பார். இதை 1898இல் நவாஷின் கண்டுபிடித்தார். பைனசில் இப்படி நடப்பதில்லை. அதில் கருக்கட்டும் முன்பே உணவு இழையம் உண்டாகிவிடும், கருக்கட்டாவிட்டால் அந்தச் செலவு வீண். பூக்கும் தாவரம் பிள்ளை உறுதியான பிறகுதான் சோறு சமைக்கிறது. போஞ்சியில் ஏன் வித்தகவிழையம் தெரிவதில்லை என்று பரீட்சையில் கேட்டால், வித்திலைகள் அதை முழுதாக உறிஞ்சிக்கொண்டு தடித்துவிட்டன என்று எழுது.

கொட்டகலை: சின்ன வயதில் சவுக்கு மரத்தில் அடித்த ஆணி இன்னும் அதே உயரத்தில் இருக்கிறதே?

இருக்கத்தான் செய்யும். மரம் உயர்வது நுனியில் மட்டும். கீழே, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் மாறிழையம் பக்கவாட்டில்தான் பருக்கவைக்கும். ஆணி மேலே போகாது, ஆனால் உள்ளே புதைந்துகொண்டே போகும். ஆணியும் கம்பியும் மரத்துக்கு நல்லதில்லை, கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

ராகலை: ஹோட்டன் சமவெளியில் நெலு பூத்து முடிந்ததும் காடே காய்ந்து நிற்பது ஏன்? நோயா?

நோயில்லை, அதன் ஆயுள் முடிந்தது. நெலுவில் இனத்துக்கு இனம் கணக்கு மாறும். பேர்போன இனங்கள் 12 வருடத்துக்கு ஒருமுறை, 2013இல் பூத்த மாதிரி, கூட்டமாகப் பூத்து, வித்துத் தள்ளி, தாயெல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். நம் பாட்டில் வரும் குறிஞ்சியின் சாதிதான் இதுவும். காட்டுக்கோழியும் எலியும் தின்று தீர்க்க முடியாத அளவு வித்தை ஒரே நேரத்தில் கொட்டினால் மிச்சம் முளைக்கும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு என்று தாவரவியலாளர் கருதுகிறார்கள். கித்துல் மரமும் இப்படித்தான். உச்சியில் முதல் பாளையை விட்டு, படிப்படியாகக் கீழே பூத்து இறங்கி, கடைசிப் பாளையோடு முடிந்துவிடும். காய்ந்த நெலுக் காட்டில் குனிந்து தரையைப் பாருங்கள், புதுக் கன்று இருக்கும். மிதித்துவிடாதீர்கள்.

பொகவந்தலாவை, ஆறாம் தரப் பிள்ளை: போஞ்சி வித்தைத் தலைகீழாக நட்டால் வேர் மேலே வருமா?

நீயே செய்து பார், கண்ணு. கண்ணாடிப் போத்தல் ஒன்றின் உள்பக்கம் ஈரக் கடதாசியைச் சுற்றி, கடதாசிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மூன்று வித்து வை. ஒன்று நேராக, ஒன்று படுக்கையாக, ஒன்று தலைகீழாக. கடதாசி காயாமல் பார்த்துக்கொள், தண்ணீர் தேங்கவும் விடாதே. வேர் நுனியில் சின்னச் சின்ன மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. போத்தலை எப்படித் திருப்பினாலும் அவை கீழ்ப்பக்கம் போய்த் தங்கும், வேருக்குக் கீழ் எது என்று அப்படித்தான் தெரிகிறது. வேர் ஒரு அங்குலம் வந்ததும் போத்தலைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வேர் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்துப் படம் வரைந்து அனுப்பு.