மாமாவின் நோய் மச்சாளுக்குப் போகாது

வணக்கம் அண்ணா. என் மாமாவுக்கு சீ.எம்.எல். என்கிற இரத்தப் புற்றுநோய். 'ஏபிஎல் பரம்பரையலகில் பிழை' என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து மாமி அழுதபடி இருக்கிறா. மச்சாளுக்கு நிலாவெளியில் கல்யாணம் பேசுகிறோம், குடும்ப நோய் என்று அவர்கள் பின்வாங்கிவிடுவார்களோ என்று பயம். அந்த அலகு உடம்பில் என்னதான் செய்கிறது?
வாசகி, உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

முதலில் மாமியிடம் சொல்லுங்கள், இது பிள்ளைகளுக்குப் போகாது. மாமா பிறக்கும்போது இந்தப் பிழை அவரிடம் இல்லை. பிறகு எப்போதோ எலும்பு மச்சையில் ஒரேயொரு கலத்தில் நடந்து, அந்தக் கலத்திலிருந்து வந்த கலங்களில் மட்டும் பெருகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடமும் ஒளிக்காமல் இதையே சொல்லலாம்.

டொக்டர் சொன்ன ஏபிஎல் (ஏபிஎல்1 என்றும் எழுதுவார்கள்) எல்லாருக்கும் 9ஆம் நிறமூர்த்தத்தில், அதாவது பரம்பரையலகுகளைத் தாங்கும் இழைகளில் ஒன்றில், இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் ஒரு கைனேஸ். கலத்துக்குச் சக்தி கொடுக்கும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறிலிருந்து பொசுபேற்று என்ற சிறு துண்டை எடுத்து, வேறொரு புரதத்தைக் கோத்திருக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான தைரோசினில் ஏற்றும், ஏறியதும் அந்தப் புரதத்தின் நடத்தை மாறும், அது அடுத்ததைத் தூண்டும், இப்படியே செய்தி போய்ப்போய்த்தான் கலம் வளர்வதா, பிரிவதா, இடம் நகர்வதா என்று முடிவாகிறது. மனிதரிடம் 500க்கு மேற்பட்ட கைனேசுகள் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் ஏபிஎல் தன்னைத்தானே மடித்துப் பூட்டிக்கொள்ளும், எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

மாமாவின் கலத்தில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொண்டன. ஏபிஎல்லின் முன்பகுதி, அதாவது பூட்டுவதற்கு உதவும் பகுதி, போய்விட்டது. அந்த இடத்தில் 22இலிருந்து பிசிஆர் (BCR) என்ற பரம்பரையலகின் துண்டு வந்து ஒட்டிக்கொண்டது. பிசிஆர் இந்தப் புரதங்களை ஒன்றோடொன்று சேர்த்துவைக்கும், அவை ஒன்றையொன்று தூண்டும், அதனால் வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே 'பிரி, பிரி' என்ற செய்தி ஓயாமல் போகிறது. 1960இல் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளிடம் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு நிறமூர்த்தத்தைக் கண்டார்கள்; அது இப்படி வந்ததுதான் என்று 1973இல் ஜேனட் ரௌலி என்ற ஆய்வாளர் காட்டினார்.

சரி, மருந்துக்கு வருவோம். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், ஏ.ரி.பி. உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்றப் பொசுபேற்று இல்லாமல் செய்தி நின்றுவிடும். ஒழுங்காக மருந்து எடுக்கிற பலர் இன்று கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலவே நீண்டகாலம் வாழ்கிறார்கள். சிலருக்கு அந்தக் கைனேசில் 315ஆம் இடத்து அமினோ அமிலம் மாறி இமாட்டினிப் ஒட்டாமல் போகும், அப்போது வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். மருந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இரத்தப் பரிசோதனை திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதைத் தவறவிட வேண்டாம். 'இப்போது சுகம்தானே' என்று மாமா தானாக மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள். மாத்திரையால் வயிற்றுக் குமட்டலோ கால்வீக்கமோ வந்தால் டொக்டரிடமே சொல்லுங்கள்.