எடிட்டிங் மென்பொருள் இல்லாமல், கேமராவிலேயே வெட்டி ஒரு பரிசோதனைக் குறும்படம் எடுக்க முடியுமா?

முடியும். நல்ல கணினி கைவசம் இல்லாததால் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கணினி இருந்தும் இவ்வழியை விரும்பி எடுப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 1999-இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட் 8 போட்டிக்கு, ஒரே ஒரு சூப்பர் 8 பிலிம் சுருளில் வரிசைப்படி எடுத்து, கழுவாமலேயே (டெவலப் செய்யாமலேயே) அனுப்ப வேண்டும். 50 அடிச் சுருள், நொடிக்கு 18 சட்டகம் (ஃப்ரேம்) என்றால் 3 நிமிடம் 20 நொடிதான்.

நான் எடுத்தது மினி டிவி (MiniDV) என்ற டேப் கேமராவில், எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டியில். கேமராவைப் பலகை மட்டத்தில் வைத்து, கரிப்பெட்டி லென்ஸை நோக்கி வந்து திரை முழுக்கக் கறுக்கும்போது நிறுத்திவிடுவேன். சட்டையை மாற்றியதும் அதே கறுப்பிலிருந்து தொடங்குவேன். பெட்டி விலகும்போது பள்ளிச் சீருடை காக்கிச் சட்டையாகியிருக்கும், அடுத்த முறை பட்டுச் சட்டையாகியிருக்கும். பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியெஸ் 1896-இலேயே செய்த மாயம்தான் இது. "எடுக்கவா தம்பி, வைக்கவா?" என்று இஸ்திரிக்காரர் பெட்டியும் கையுமாகக் காத்திருந்த பொறுமைக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

ஒளியளவையும் வெள்ளைச் சமநிலையையும் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால், கறுப்பைக் கண்டதும் கேமரா ஒளியைக் கூட்டிக்கொண்டு, அடுத்த காட்சியின் தொடக்கத்தை வெளுக்கச் செய்துவிடும். டேப் கேமரா மீண்டும் பதிவைத் தொடங்கும்போது சற்றுப் பின்னோக்கிச் சென்று முந்தைய காட்சியின் கடைசிச் சட்டகங்களை விழுங்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கறுப்பையும் ஒரு நொடி கூடுதலாக ஓடவிட்டேன். ஒலி, வெட்டுக்கு வெட்டு துள்ளும். மினி டிவி கேமராவில் ஒலியை 12 பிட் முறையில் பதிந்தால் இரண்டாவது ஒலித்தடம் காலியாக இருக்கும், வசதியுள்ள கேமராக்களில் அதில் பிறகு சேர்க்கலாம். அதுவும் எடிட்டிங்தானே என்று வாதிட வருவோருக்கு: படத்தில் ஒரு சட்டகம்கூட இடம் மாறவில்லை, ஸ்ட்ரெய்ட் 8-இலும் ஒலியைத் தனியாகத்தான் அனுப்புகிறார்கள்.

இதை ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்பியபோது, சொந்தப் படைப்பு என்பதற்குச் சான்றாக எடிட்டிங் மென்பொருளின் கோப்பைக் கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை, மூல டேப்பையே நேரில் கொண்டுவருகிறேன் என்று எழுதியும், விதிமுறையைக் காட்டி நிராகரித்தார்கள். மூலத்தைவிட வேறென்ன சான்று வேண்டும் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

உங்களுக்கு டேப் தேவையில்லை. பதிவின் நடுவே இடைநிறுத்தும் பொத்தான் பல கைப்பேசிகளில் இருக்கிறது. ஃபோகஸையும் ஒளியளவையும் திரையில் அழுத்திப் பிடித்துப் பூட்டிக்கொள்ளலாம். தொடங்குவதற்குமுன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள், பாதியில் வரும் ஓர் அழைப்பு பதிவையே முடித்துவிடக்கூடும்.