டிசைனுக்கு யோசனையே வராதபோது எங்கே தேடுகிறீர்கள்? நிறங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

நான் குப்பையில் தேடுவேன். அதாவது, அச்சகத்து வேஸ்ட் தாள் கட்டில்.

ஆஃப்செட் மெஷினில் எந்த வேலையைத் தொடங்கினாலும், மையும் ரிஜிஸ்டரும் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுவது) சரியாக நிற்கும்வரை கொஞ்சம் தாள் வீணாகும். நல்ல தாளை வீணாக்க மனசு வருமா? பழைய வேஸ்ட் தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் ஒரே தாளில் ஊதுபத்திப் பெட்டி, அதன்மேல் காதுகுத்துப் பத்திரிகை, அதற்கும் மேல் பள்ளி டைரி அட்டை. முருகன் முகத்துக்குக் குறுக்கே சோப்பு விளம்பர எழுத்து ஓடும். நானாக உட்கார்ந்து யோசித்தால் ஏழு ஜென்மத்துக்கும் இப்படி ஒரு சேர்க்கை வராது. ஓர் அட்டையில் சின்னதாகச் சதுரம் வெட்டி, அந்தத் தாளின்மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போவேன். பத்து இடத்தில் நிறுத்தினால் ஒன்றிரண்டு தேறும்.

நிறத்தைப் பற்றிக் கற்றது ஒரு சொதப்பலில். வேலைக்குச் சேர்ந்த புதிது. கிரகப்பிரவேசப் பத்திரிகை, மஞ்சள் அட்டை. திரையில் மஞ்சள்மேல் வெளிர்நீல எழுத்து அருமையாக இருந்தது. அச்சாகி வந்ததோ பச்சை! ஆஃப்செட் மை பெரும்பாலும் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதை மறைக்காது. மஞ்சளின்மேல் சியான் என்ற நீல மை விழுந்தால் பச்சைதான். (மஜெந்தா என்ற ரோஜா நிற மையை ஓட்டியிருந்தால் நல்ல சிவப்பு வந்திருக்கும்.) வீட்டுக்காரர் “பச்சையும் மங்களம்தானே” என்று வாங்கிக்கொண்டார். முதலாளி அவ்வளவு லேசில் விடவில்லை.

அதற்கப்புறம் இரண்டே மையை வைத்துக்கொண்டு விளையாடுவது பழக்கமாகிவிட்டது. சியான், மஜெந்தா மட்டும். அடர்த்தி 100, 60, 30 சதவீதம் என்று ஒன்றின்மேல் ஒன்று. மஞ்சள், கறுப்பு சேர்த்து நாலு கலரும் கையில் இருந்தால் நான் சோம்பேறி ஆகிவிடுகிறேன்.

பட்டுப் புடவைக் கடையும் எனக்குப் பள்ளிக்கூடம்தான். மயில்கழுத்து என்பது ஒரு சாயம் இல்லை. நீளவாக்கில் பாவு நீலம், குறுக்கே ஊடை பச்சை என்று இரண்டு இழைகள்; மடிப்பு திரும்பினால் நிறமும் திரும்பும். அரக்கு, மாந்துளிர், வெங்காயத்தோல் என்று அங்கே சொல்லும் பெயர்களைக் கேட்டாலே ஒரு பொருள் கண்ணில் நிற்கிறது. கம்ப்யூட்டரில் நிறத்தைக் குறிக்கும் ஆறு இலக்க ஹெக்ஸ் எண்ணில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பக்கத்து நிறம் மாறினால் இந்த நிறமும் மாறித் தெரியும் என்பதையே ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950 முதல் 1976-ல் சாகும்வரை சதுரத்துக்குள் சதுரமாக வரைந்துகொண்டிருந்தார். மாணவர்களுக்குப் பெயிண்டைவிடக் கலர் காகிதத் துண்டுகளைத்தான் அதிகம் கொடுத்தார்.

பின்டரஸ்ட் என்ற படத் தளத்தைப் பார்க்க மாட்டீர்களா என்றால், பார்ப்பேன். ஆனால் கடைசியில்தான். முதலில் பார்த்தால் என் கை அதையே வரைகிறது.

அச்சகம் பக்கத்தில் இல்லையா? ஸ்டேஷனரிக் கடையில் கலர் கண்ணாடித்தாள் கிடைக்கும். மஞ்சளும் நீலமும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பாருங்கள். என் கிரகப்பிரவேசப் பத்திரிகை தெரியும்.