உயிர்த்தெழுதலைப் பார்க்காமல் நம்புவது பற்றி: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கேள்வி: பிரதர், உயிர்த்த இயேசுவின் காயங்களைப் பார்த்துத் தொடாமல் நம்பமாட்டேன் என்று ஆதாரம் கேட்டதற்காகத்தானே அவருடைய சீஷர் தோமா திட்டு வாங்கினார்? அப்போ கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதுதானா?

பதில்: யோவான் 20-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள். மற்ற சீஷர்களும் இயேசுவின் கைகளையும் விலாவையும் பார்த்த பிறகுதான் சந்தோஷப்பட்டார்கள், அன்றைக்கு அங்கே இல்லாத தோமா அதையேதான் தனக்கும் கேட்டார். பாவம், அவருக்கு மட்டும் ‘சந்தேகத் தோமா’ என்று பேர் நிலைத்துவிட்டது. எட்டு நாள் கழித்து இயேசு வந்து, இதோ விரலை நீட்டு என்கிறார். தொட்டதாக வசனத்தில் இல்லை, ஓவியங்களில்தான் தொடுகிறார். “காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்” என்பது அந்த அறையில் இருக்க வாய்ப்பே இல்லாத நமக்கு. உடனே யோவான், நீங்கள் விசுவாசிக்கும்படி இவற்றை எழுதினேன் என்கிறார். ஆக நம்மிடம் கேட்கப்படுவது பார்த்தவர்கள் சொன்னதை எடைபோட்டு நம்புவது, யோசிக்காமல் தலையாட்டுவது அல்ல.

கேள்வி: அந்தச் சாட்சியை வைத்து நிரூபிக்க முடியுமா? ஆமா இல்லை என்று சொல்லுங்கள்.

பதில்: இல்லை. கொரிந்தியருக்குப் பவுல் முதல் நிருபம் எழுதியது சிலுவை மரணத்துக்கு இருபது, இருபத்தைந்து வருடத்துக்குள். அதன் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களை, கேபா (அதாவது பேதுரு), பன்னிரு சீஷர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு என்று வரிசையாகச் சொல்கிறார், அந்த ஐந்நூறு பேரில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். அதுவும் தான் முன்பே கேட்டு அடைந்த செய்தி என்கிறார். ஆகவே நூறு வருடம் கழித்துக் கட்டிய கதை என்ற வாதம் நிற்காது. ஆனால் அவர்கள் நம்பினார்கள் என்பதைத்தான் இது காட்டும். உண்மையிலேயே எழுந்தார் என்பது அதற்கு அடுத்த படி, அங்கே சரித்திரம் நம்மைக் கொண்டுபோய் விடாது, விசுவாசம்தான். இதை மழுப்பிப் பேசும் பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

கேள்வி: கல்லறைக்குப் போன பெண்கள் யார் என்பதில்கூட நாலு சுவிசேஷமும் ஒத்துப்போகவில்லையே?

பதில்: ஆமாம். மாற்கு மூன்று பேரைச் சொல்கிறார், யோவான் மகதலேனா மரியாளை மட்டும். ஜோடித்த கதையென்றால் முதலில் இதைச் சரிசெய்திருப்பார்கள். அந்தப் பெண்கள் சொன்னதை அப்போஸ்தலரே வீண்பேச்சு என்று தள்ளியதையும் லூக்கா மறைக்கவில்லை.

கேள்வி: ஈஸ்டர் ஆராதனையில் பாடிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் வருகிறது அண்ணா. நானெல்லாம் விசுவாசியா?

பதில்: தம்பி, மத்தேயு 28:17 பாருங்கள். உயிர்த்த இயேசு எதிரே நிற்கிறார், பணிந்துகொள்கிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள். புறப்பட்டுப் போங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான். பாடுவதை நிறுத்தாதீர்கள், கேள்வியையும் அமுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: இயேசுவின் உடலைச் சுற்றியது என்று சொல்லப்படும் டூரின் துணி?

பதில்: 1988-இல் கார்பன் சோதனை அதை 1260-1390 காலத்தது என்றது. சர்ச்சை ஓயவில்லைதான், ஆனால் அது போலி என்றாலும் பவுலின் 15-ஆம் அதிகாரத்தில் ஒரு வரி மாறாது.